ஐந்தரை மணிச் சாப்பாடு

திருப்பருத்திக்குன்றம்
18-1-1969

சிரஞ்சீவி ஜெயகுமாருக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான், அப்பா, பிராமி மூவரும் சுகம். பசுவும் சுகம். அங்கே நீ சுகமா என்று எப்போதும் கேட்பேன், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. நீ சுகமாக இல்லை என்பது தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அண்ணா, அடைப்புக்குள் வருவதெல்லாம் நான். கூட்டக்கூடாது என்றுதான் சத்தியம், அடைக்கக்கூடாது என்று இல்லை.)

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கடல் தாண்டி உன் காலேஜிலிருந்து பெரிய கவர் வந்தது. மார்க் ஷீட் என்று அப்பா கை கழுவிவிட்டு வந்து பிரித்தார். உள்ளே ஒரு நம்பர்கூட இல்லை. ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். நூத்துக்கு எவ்வளவுன்னு போடாம கதை எழுதி அனுப்பியிருக்காங்களே என்று அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் அது புரியத்தான் இல்லை. அங்கே மொத்தமே எழுநூறு பிள்ளைகள், வாத்தியார் மர நிழலில் உட்கார்ந்து பாடம் சொல்கிறார், நட்சத்திரம் படிக்கிற பையனே நாடகத்தில் ராஜாவாகவும் நடிக்கிறான், எந்தப் பாடம் முக்கியம் என்று இரண்டு வருஷம் கழித்துச் சொன்னால் போதும் என்றெல்லாம் நீ எழுதுகிறாய். ரெண்டு வருஷம் வயல்ல என்ன போடறதுன்னு யோசிச்சுக்கினே இருந்தா எப்பம்மா விதைக்கறது என்று அப்பா கேட்கிறார். மண் பிசைய ஒரு வகுப்பாமே, அதற்கு ஒரு டீச்சராமே, சட்டி கோணிப்போனாலும் பாஸ்தானா? நிஜமாகவே கேட்கிறேன், பதில் எழுது. (அது கலைக் கல்லூரியா, படிப்பைக் கலைக்கும் கல்லூரியா என்பது என் கேள்வி.)

அந்தக் காகிதங்களைப் பிராமிதான் தமிழில் சொன்னாள். மண்பாண்ட டீச்சர் எழுதியதை, சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் அண்ணன் தன்னையே மறந்துவிடுகிறானாம் என்று படித்தாள். நானும் பூரித்துப்போய் அக்கம்பக்கம் எல்லாம் சொன்னேன். அப்பாவுக்கு அது போதவில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் உரக்கடைக் கலியாணசுந்தரத்திடம் காட்டப் போனார். அவர்தான் பி.ஏ. படித்தவர். அவர் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, ஆதிநாதா, பையன் ரெண்டு வாட்டி மயக்கம் போட்டு விழுந்திருக்கானாம்பா, சரியா சாப்பிடறதில்லைன்னு சந்தேகமா இருக்குதாம், வீட்டுக்குத் தெரியுமான்னு கேட்டு எழுதியிருக்காங்க என்றாராம். வாங்கிய உர மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார் அப்பா.

பிறகு பிராமியைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டபோதுதான் நீ அவளுக்குத் தனியாக எழுதி மடித்து வைத்த சீட்டு வெளியே வந்தது. அங்கே விடியவே எட்டு மணி ஆகிறது, காலைச் சாப்பாட்டு மணி ஏழுக்கு அடிக்கிறார்கள். நாலேகாலுக்குப் பொழுது சாய்கிறது, ராச்சாப்பாட்டு மணி ஐந்தரைக்கு. இரண்டும் இருட்டில், நம் சமணர் வீட்டிலோ வெளிச்சம் இல்லாத வேளையில் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. அதனால் மத்தியானம் ஒருவேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மாதமாகக் கிடக்கிறாய். வேளை மாற்றித் தட்டு எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கவும் உனக்குக் கூச்சம். வீட்டில் சொல்லாதே என்று இவளுக்கு உத்தரவு வேறு. இவள் எனக்குப் படித்துக் காட்டியது, மூன்று வேளையும் மணி அடித்துச் சாப்பாடு போடுகிறார்கள் என்று. ஏண்டி பொய் சொன்னாய் என்றால், மணி அடிக்கறது நெஜந்தானம்மா, யார் சாப்பிட்டாங்கன்னு நான் சொல்லலியே என்கிறாள். முதுகில் இரண்டு வைத்தேன். (மூன்று. கணக்கு முக்கியம்.)

மறுநாள் காலையில் அப்பா, கோயில் விதானத்துச் சித்திரம் பார்க்க வந்த அந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நீ அர்த்தம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று, அவர் இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆரம்பித்து, படிச்சது போதும், வந்துடச் சொல்லு, பட்டினி கெடக்கறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்கு என்று முடித்துவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சட்டி செய்வதைப் பற்றி மட்டும் போன கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். அதை நினைத்தால் வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் இவள் குழம்புக்கு வைத்திருந்த பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து இது நம்ம ஊரு என்றாள். ஏறக்குறைய அதற்கு முதுகுப்பக்கத்தில் இன்னொரு பொட்டு, அது நீ. வெயிலில் வைத்து மெல்லத் திருப்பினாள். நம் பொட்டு வெளிச்சத்துக்கு வரும்போது உன் பொட்டு நிழலுக்குப் போகிறது. ஜெயா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாயங்காலம் ஆனால் சூரியன் படுக்கப் போகிறது என்றல்லவா நினைத்திருந்தேன், அது உங்கள் ஊருக்கு வேலைக்குப் போகிறதே! அங்கே சாயங்காலம் ஐந்தரை என்றால் இங்கே காலை ஏழு, வெயில் வந்துவிடும், அண்ணன் நம் ஊர்ச் சூரியனை வைத்துச் சாப்பிடலாம் என்றாள். நான் அசந்துபோனேன். அப்பா விடவில்லை. அங்க காலைல ஏழுன்னா நமக்கு என்ன மணி என்று கேட்டார். ராத்திரி எட்டரை என்று முணுமுணுத்தாள். அப்ப சாயங்காலத்துக்கு நம்ம சூரியன், காலைக்கு எவன் வூட்டு சூரியன்? சூரியனையே ஏமாத்தறியா நீ என்றார். (காலைக்கு வேறு பரங்கிக்காய் தேடுவதாகச் சொன்னேன். எடுபடவில்லை.)

ஆனால் இவள் கையிலிருந்து வாங்கிய பரங்கிக்காயை அப்பா கீழே வைக்கவே இல்லை. அவரே அதைக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, நாம ஏன் பொழுது சாஞ்சா சாப்பிடறதில்ல, வெளக்கண்ட வர்ற பூச்சி சோத்துல விழுந்து சாவக்கூடாதுன்னுதான, முழங்கால் மட்டும் பனி கொட்டுதுன்னு எழுதறானே, அந்தப் பனியில எந்தப் பூச்சி பறக்குது என்று கேட்டார். இவள் பூகோளப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள், அதில் பூச்சிக்குப் பக்கம் இல்லை. கடைசியில் அப்பா இப்படித் தீர்த்தார்: அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் விளக்குக்குக் கீழே ஒரு தட்டை வைத்து மூன்று நாள் நீயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பூச்சி வந்தாலும் மறைக்காமல் எழுதிவிட்டுப் புறப்பட்டு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பனி உருகுகிறவரை அந்த மணிக்கே சாப்பிடலாம். அதற்குள் அங்கே பகல் நீண்டுவிடுமாம், பிறகு தொல்லை இல்லை. இதற்குமேல் இறங்கி வர அவருக்குத் தெரியாது. இதையே இருபத்தேழு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இனி நான் எழுதச் சொல்வது அவர் வயலுக்குப் போன பிறகு. மூன்று நாள் பார்க்கச் சொன்னார், மூன்று நாள் பட்டினியாகப் பார்க்கச் சொல்லவில்லை. அந்த மண்பாண்ட டீச்சரிடம் போய் நின்று, எங்கள் வீட்டு வழக்கம் இது, வெளிச்சத்திலேயே எனக்கு ஒரு தட்டு கிடைக்குமா என்று கேள். வீடு தேடி எழுதியவள், இல்லை என்று சொல்லமாட்டாள். பகலில் அதைச் சாப்பிடு, சாயங்காலம் பூச்சியைப் பார். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதே, மயங்கி விழுந்தபோது எல்லாரும் பார்த்தாயிற்று, இனி என்ன கூச்சம்.

எந்தப் பாடம் எடுத்தாலும் எங்கள் இருவருக்கும் சம்மதம். பனியில் காதை மூடிக்கொண்டு நட. ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு. பதிலில் முதல் பக்கத்தை எனக்கென்று எழுது, பெரிய பெரிய எழுத்தாக. அன்றன்று என்ன சாப்பிட்டாய் என்பது மட்டும் போதும். எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொள்வேன், எத்தனை நேரம் ஆனாலும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா
மதனவதி

(கையெழுத்து மட்டும் அம்மாவே போட்டது. மூன்று நாளாகப் பழகினாள். பிராமி)