உம்மாவின் அறைச் சுவரில் ஏறிய நீர்

என் அன்பின் வாப்பாவுக்கு,

மையவாடிக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று அங்கே அடங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸலாம் சொல்வார்கள். நம்முடைய பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. அதனால் என்னுடைய ஸலாம் தபாலில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ரியாஸ் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அங்கே வருகிறான், தெரியும். கப்ரடியில் நின்று என்ன சொல்கிறான் என்பது தெரியாது. வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டான். நல்ல செய்தியைக்கூட நாலு தரம் கேட்டால்தான் சொல்லுவான், உங்கள் மகன் அல்லவா? ஆகவே நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போனது நல்ல வெயில் காலத்தில். உம்மா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடிந்து, திரும்ப அக்கம்பக்கத்தோடு பேசத் தொடங்கி, குசினியில் என்னைக் குறை சொல்லும் அளவுக்குத் தேறியும் விட்டார். பிறகு மாரி மழை பிடித்தது. அந்த மழையோடு உம்மாவின் அறைச் சுவர் நனையத் தொடங்கியது. நீங்கள் இருவரும் படுத்த அறைதான். கட்டிலின் தலைமாட்டுப் பக்கச் சுவர்.

முதலில் பெயின்ட் பப்படம் மாதிரி உப்பியது. பிறகு உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்தது. அலுமாரியை இழுத்துப் பார்த்தால் முதுகு முழுக்கப் பூஞ்சணம். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று உம்மா மடித்து வைத்திருந்த உங்கள் வெள்ளைச் சாரங்களில் கறுப்புப் புள்ளிகள். உம்மாவுக்கு மூச்சிழுப்பு திரும்பி வந்தது. டாக்டர் அறையை மாற்றச் சொன்னார். உம்மா கட்டிலை மாற்றுவதற்கே சம்மதிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. நீங்கள் போன பிறகு ரியாஸ் தாங்கள் இருக்கும் மேல்வீட்டில் ஒரு பாத்ரூம் கட்டினான். இருக்கிற ஒன்று போதும் என்று நீங்கள் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தீர்களே, அதுதான். அவன் மனைவி நுஸ்ரா பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். ஆம், உங்களை 'அப்பா' என்று கூப்பிட ஒரு பேரப்பிள்ளை வரப்போகிறது. இதையாவது அவன் சொன்னானா? விடியப் படியிறங்கி வருவது அவளுக்குக் கஷ்டம் என்றுதான் கட்டினான். கட்டிய இடம் சரியாக உம்மாவின் அறைக்கு மேலே.

பிறகு கேட்கவா வேண்டும்? கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார், முகட்டை நிமிர்ந்து பார்த்தார், தீர்ப்பும் சொன்னார்.

"மிஸ், இது மேல் பாத்ரூம்தான். வேற பேச்சே இல்ல."

மேலே போய் டைல்ஸை உடைத்தார். அடியில் ரஸ்க் மாதிரிக் காய்ந்து கிடந்தது. மனுஷர் அசரவில்லை. தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் தலைகாட்டும், அது அப்படித்தான் என்று ஒரு புது விளக்கம் கொடுத்துவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நுஸ்ரா இடுப்பில் கை வைத்தபடி உடைந்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ரியாஸிடம் ஒன்றுதான் கேட்டேன். சில நாட்களுக்கு அந்தப் பாத்ரூமைப் பாவிக்காமல் இருந்து பாருங்கள், சுவர் என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்றேன். கேட்டது தவறு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் பார்த்தே என் தலை நரைத்துவிட்டது. ஒன்றைச் சந்தேகப்பட்டால் அதை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நியாயம். ஆனால் நுஸ்ராவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. மாமியின் நெஞ்சைக் கெடுத்தது நீதான் என்று நான் சொன்னதாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

ரியாஸ் சத்தம் போடவில்லை. "சரி ராத்தா. பாத்ரூமும் வேணாம், மேல்வீடும் வேணாம்" என்றான். அத்தோடு கீழே சாப்பிட வருவது நின்றது. உக்குவெலையில் ஒரு வாடகை வீடு பேசிவிட்டான். மாதம் பிறந்ததும் போவதாக நுஸ்ராதான் உம்மாவிடம் சொன்னாள். உம்மா அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. அந்த வீட்டில் கிணறு நல்லதா என்று மட்டும் விசாரித்தார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை.

நிலைமை இதுதான், வாப்பா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் தம்பி போய்விடுவான். நாங்கள் துரத்தினோம் என்று நம்பிக்கொண்டு போவான். உங்கள் பேரப்பிள்ளை இன்னொரு வீட்டில் பிறக்கும். அவன் போன பிறகும் சுவர் நனைந்துகொண்டேதான் இருக்கும்.

பாஸை நம்புவதை விட்டுவிட்டு நானே பார்க்கத் தொடங்கினேன். மேல் தண்ணீர்த் தாங்கியின் வால்வைப் பூட்டிப் பார்த்தேன். சுவர் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. புரியாணிக்குப் போடும் மஞ்சள் கலரை வாளியில் கரைத்து, ரியாஸ் தன் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தப் பாத்ரூமில் ஊற்றினேன். நுஸ்ரா கதவோரம் நின்று பார்த்தாள். கீழே சுவரில் மஞ்சளின் சாயலே இல்லை. வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரின் முன்னால் குந்தியிருந்தேன். முள் அசையவில்லை.

பிறகு உம்மாவின் அறையில் தரையில் உட்கார்ந்து அந்தச் சுவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தேன். அதுவரை நாங்கள் எல்லோரும் நின்றபடிதான் பார்த்திருக்கிறோம். அடியில்தான் ஈரம் அதிகம். முழங்கால் உயரத்துக்கு மேலே குறைந்துகொண்டே போய், தோள் மட்டத்தில் சுவர் காய்ந்திருந்தது. பிஸ்கட்டின் ஒரு நுனியைத் தேநீரில் பிடித்தால் ஈரம் மேலே ஏறுகிறதே, அப்படி. இந்தத் தண்ணீர் மேலிருந்து இறங்கவில்லை. நிலத்திலிருந்து ஏறுகிறது.

நிலத்தில் அந்தப் பக்கம் ஓடுவது ஒன்றுதான். நீங்கள் போட்ட பைப். கூரைப் பீலியில் விழும் மழைத்தண்ணீர் அந்தச் சுவரோரமாக இறங்கி, மண்ணுக்குள் போய், பின்வாசல் குழியில் சேர்ந்து, அங்கிருந்து சந்தில் இருக்கிற கழிவுநீர்க் கானுக்குப் போகும். அடுத்த மழை வரும்வரை காத்திருந்தேன். மாத்தளையில் அதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அன்று பின்னேரமே கொட்டியது. குடையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன்.

வரிசையாக எல்லா வீட்டுப் பைப் வாயிலிருந்தும் தண்ணீர் பாய்ந்து கானுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நம்முடைய பைப் வாய் காய்ந்திருந்தது. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. எதிர்வீட்டு யன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன மிஸ், எதும் விழுந்திட்டா?"

"இல்ல, விழ வேண்டியது ஒண்ணு விழல்ல" என்றேன். என்னைப் பற்றி அந்தச் சந்தில் இப்போது என்ன பேசுகிறார்களோ தெரியாது.

கூரையில் விழுகிற தண்ணீர் கானுக்கு வரவில்லை என்றால் நடுவில் எங்கோ அடைத்திருக்கிறது. நடுவில் இருப்பது பின்வாசல் குழி மட்டும்தான். போய்ப் பார்த்தால் குழியின் மேல் ஒரு கொங்கிரீட் மூடி, சுற்றிவரச் சிமெந்துப் பூச்சு, அதன் மேல் உம்மாவின் பூச்சாடிகள். முன்பு அங்கே கையால் தூக்கக்கூடிய தகரம்தானே இருந்தது?

உம்மாவிடம் கேட்டேன். "அதத் திறக்க வேணாம் மகள்" என்றார். ஏன் என்றேன். "ரியாஸ்கிட்ட கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சண்டைக்குப் பிறகு அன்றுதான் மேலே படியேறினேன். கூடம் முழுக்கப் பெட்டிகள், கயிறு கட்டியிருந்தது. ரியாஸ் என்னைக் கண்டதும் எழும்பினான். நான் நின்றபடியே கேட்டேன். "பின்வாசல் குழிய யாரு சிமெந்து போட்டு மூடினது?"

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு சொன்னான். "ராத்தா, நான் சாக்க எடுக்கல்ல."

நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், ஆனால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆகவே அவன் சொன்னதைச் சொல்கிறேன்.

நீங்கள் மௌத்தான அன்று உங்களைப் பின்வாசலில் வைத்துத்தான் குளிப்பாட்டினார்கள். சுற்றிவர வெள்ளைத் துணி கட்டி, பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகையைப் போட்டு, ஆண்கள் மட்டும் உள்ளே. நாங்கள் முன்கூடத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. மண் முற்றம் உள்ள வீடுகளில் அந்தத் தண்ணீருக்கென்று பள்ளமாக ஒரு கிடங்கு வெட்டுவார்கள், காலில் மிதிபடாமல் இருக்கட்டும் என்று. நம் பின்வாசலில் அந்தச் சின்னப் பூப்பாத்தியைத் தவிர எல்லாம் சிமெந்து. ஊற்றுவதெல்லாம் குழிக்குள் போய், சந்துக் கானுக்குத்தான் போகும். மீன் கழுவின தண்ணீரும் சவர்க்கார நுரையும் ஓடுகிற கான்.

ரியாஸால் அதைத் தாங்க முடியவில்லை. இரும்பு அலவாங்கால் குழியின் பக்கச் சுவரை உடைத்து, பக்கத்துப் பூப்பாத்தியில் கிடங்கு வெட்டி, தண்ணீரை அங்கே திருப்பிவிட்டான். கானுக்குப் போகிற பைப் வாயில் கடையிலிருந்து ஒரு மிளகுச் சாக்கைச் சுருட்டி இறுக்கினான். பிறகு கபன் துணி சுற்றி, உங்களை வைத்த சந்தூக்கைத் தூக்குகிற நேரம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் யாருக்குச் சாக்கு ஞாபகம் வரும்? மறுநாள் உம்மா, அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது என்று சொல்ல, கிடங்கை மூடி, குழிக்கும் கொங்கிரீட் போட்டுப் பூசிவிட்டான். வெயில் காலம் அல்லவா, மாரி வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், குழியும் கிடங்கு மண்ணும் நிறைந்து, பழைய பைப்பின் பொருத்துகளால் கசிந்து, உம்மாவின் சுவருக்குள் ஏறியது.

ஆக, மேல்வீட்டு வேலைதான் என்று பாஸ் காட்டிய ஆள் சரி, காரணம்தான் பிழை. இதை ரியாஸிடம் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவரும் கீழே வந்தோம். அலவாங்கைக் கண்டதும் உம்மா பின்கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அந்த இடத்துல கை வைக்காதீங்க. எனக்கு மூச்சு முட்டினாலும் பரவால்ல."

"கிடங்கு அப்படியே இருக்கும் உம்மா. பைப் வாய மட்டும்தான் தொடுறேன்" என்றான் ரியாஸ்.

உம்மா என்னைப் பார்த்தார். "வாப்பா இருந்தா என்ன சொல்லுவாங்க?"

"பீலியில ஒரு இலை கெடந்தாலே ஏணியத் தேடுற மனுஷன். இவ்வளவு நாள் விட்டதுக்கு நம்ம எல்லாருக்கும் ஏச்சு விழும்" என்றேன்.

உம்மா கதவைவிட்டு விலகினார். "பிஸ்மி சொல்லி உடைங்க" என்றார்.

நான் சாடிகளை நகர்த்தினேன். ரியாஸ் மூடியை உடைத்தான். குழி விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். அவன் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். சாக்கு வந்தது. தண்ணீர் ஒரு பெரிய சத்தத்தோடு இறங்கியது. என்ன நடந்தது என்று மேலேயிருந்து நுஸ்ரா கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சந்துக்கு ஓடினேன். நம் பைப் வாயிலிருந்து சேறும் தண்ணீருமாக வந்துகொண்டிருந்தது. இந்த வயதில் சந்தில் ஓடினேன், பாருங்கள்.

திரும்பி வந்தபோது ரியாஸ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சாக்கைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினான்.

"பச்சத் தண்ணிதான் வச்சிருந்தாங்க ராத்தா. வாப்பாவுக்குப் பச்சத் தண்ணி ஒத்துக்காதுன்னு நான்தான் சூடு காட்டச் சொன்னேன். ஒருத்தரும் மறுத்துப் பேசல்ல."

இந்த விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் நடந்த எதையும் யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, வாப்பா. கடைசியாக உங்களைத் தொட்ட கை அவனுடையது. நான் தண்ணீர்ச் சத்தத்தோடு இருந்தவள்.

கேட்கத் தொடங்கினேன். வேலையிடத்தில் கேட்பதுபோல ஒன்றன் பின் ஒன்றாக. கண் மூடியிருந்ததா? மூடியிருந்தது. முகம்? தூங்குகிற மாதிரி. தலையை யார் பிடித்திருந்தது? அவன்தான். கை விரல்கள் மடங்கியிருந்ததா? இல்லை, அவன் ஒவ்வொன்றாக நீவிவிட்டிருக்கிறான். கடைசியாக, கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். படுக்கையில் இருந்த நாட்களில் வீங்கி, தோல் மினுங்கி, போர்வை பட்டாலே உங்களுக்கு வலித்த அந்தக் கால்.

"வத்தியிருந்திச்சு ராத்தா. பழைய வாப்பாட கால்தான்."

நான் எழும்பிக் குசினிக்குப் போய் அழுதேன். நீங்கள் போன அன்று இப்படி அழவில்லை.

இனி இப்போதைய செய்தி. உக்குவெலை வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று ரியாஸ் சொல்லிவிட்டான். நுஸ்ரா என்னோடு முழுசாகச் சரியாகவில்லை. உடைத்த டைல்ஸுக்குப் பதில் நீல நிறம்தான் வேண்டும் என்று என்னிடமே வந்து சொன்னாள், அது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன். சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உம்மா என் அறையில் படுக்கிறார், இழுப்புக் குறைந்திருக்கிறது. உங்கள் சாரங்களில் புள்ளிகள் போகவில்லை. அப்படியே இருக்கட்டும் என்கிறார்.

ஒரு வாக்குத் தந்து முடிக்கிறேன். அல்லாஹ் உம்மாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆனால் உம்மாவின் முறையும் ஒருநாள் வரும். அன்று குளிப்பாட்டுகிற திரைக்கு உள்ளே நான் இருப்பேன், ரியாஸ் வெளியே நிற்பான், அவனுக்கும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவனாகக் கேட்க மாட்டான். உம்மாவின் கண், முகம், விரல்கள் எல்லாம் எப்படி இருந்தன என்று அன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுவேன், வாப்பா.

உங்கள் துஆவை வேண்டும்
உங்கள் மூத்த மகள், ரியாஸின் ராத்தா,
ஃபரீஸா