வால்வை மூடியது நான்தான்

ஜூலை 9, புதன், மாலை ஐந்து மணி.

அக்கா, தெளிப்பானின் வால்வை மூடிவைத்தது நான்தான். புல்தரையில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று அளந்துவரும்படி மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். போன வியாழக்கிழமை ஆறு டம்ளர் வைத்து அளந்தேன். முடிந்ததும் வால்வை மூடினேன், திறக்க மறந்துவிட்டேன். நோட்டில் எல்லா அளவும் இருக்கிறது, இந்த ஒரு வரிதான் இல்லை.

நீ தெளிப்பானின் டைமரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறாய். “வெச்சேன்னு எத்தன தடவ சொல்றது?” என்று நேற்று கேட்டாய். “வெச்சிருந்தா புல்லு ஏன்க்கா வைக்கோலா கெடக்கு?” என்று அப்பா முன்னால் உன்னை மடக்கினேன். “இனிமே தோட்டத்த சின்னவளே பாத்துக்கட்டும்” என்று அப்பா சொன்னபோது பெருமையாக நின்றேன். நினைக்கவே கூசுகிறது. உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான், நீ வேலையிலிருந்து வருமுன் வகுப்புக்குக் கிளம்புகிறேன்.

தோட்டத்துச் சாவி செருப்பு அலமாரியின் மேல்தட்டில். சாப்பாடு மூடிவைத்திருக்கிறேன், சுடவைத்துக்கொள்.

வால்வைத் திறந்துவிட்டேன். வெயில் தாழுமுன் தண்ணீர் விடாதே, பாதி ஆவியாகிவிடும். உரமும் வேண்டாம், புல் கருகிவிடும். பிடித்து இழுத்துப் பார்த்தேன், கையோடு வரவில்லை. வேரில் உயிர் இருக்கிறது.

பி.கு.: அப்பாவிடம் நீ எதுவும் சொல்லாதே. நான்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: நேற்று நீ சாப்பிடாமல் படுத்தது எனக்குத் தெரியும்.

நாளைய வேலை: காலை ஐந்தரைக்கு டைமர் ஓடும்போது அப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், உன் எதிரிலேயே நடந்ததைச் சொல்வது.