அரிசியில் எழுதிய இரண்டாவது எழுத்து

சரவணை,
விஜயதசமிக்கு மறுநாள்.

அன்பு மகன் தயாபரனுக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் காவலில் நானும் அப்பாவும் சுகம், உன் மனைவி ஹிருத்தும் பேத்தி கம்சிகாவும் வந்து நிற்பதால் வீடு நிறைந்து கிடக்கிறது, கனடாவில் தனியே நிற்கும் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும். மழை இன்னும் இல்லை, கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் உளைவு குறைவு. இனி நீ கோபிக்கப்போகிற விசயம். பிள்ளை முதல் தமிழைப் பிடிக்கட்டும், ஹிருத் கொண்டுவாற அவவின்ர எத்தியோப்பியப் பாசை, அம்ஹாரிக் புத்தகத்தை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ என்று போனில் சொன்னாய். நான் பூட்டவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அரிச்சுவடி என்றால் எனக்குத் தெரியும். எங்கள் க கா கி கீ போலவே அவர்களும் ஒரு எழுத்துக்குக் காலும் கையும் வைத்து ஏழு விதமாய் எழுதுகிறார்கள், பக்கத்தில் படமும் இருக்கிறது. வீடு என்றால் பேத், தண்ணீர் வுஹா, பசு லாம். அப்பா எங்கள் சிவப்பியை லாம், லாம் என்று கூப்பிட்டார், அது திரும்பியும் பார்க்கவில்லை, பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

நேற்றுக் கோயிலில் ஏடு தொடக்கினோம். ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதுவித்தார். ஹிருத் தூணோடு ஒதுங்கி நின்றாள். தாயும் தன்ர எழுத்தில ஒண்டு எழுதுவிக்கட்டும் ஐயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சரஸ்வதிதானே, இருத்துங்கோ என்றார். அதே அரிசியில் அவள் தன் முதல் எழுத்தை எழுதுவித்தாள். பக்கத்து வீட்டு இரஞ்சிதம் அக்கா, என்ன இராசேஸ்வரி, கோயிலுக்க புதுப் பாசை என்று இழுத்தா. உங்கட பேரன் பிரெஞ்சு கதைக்கேக்க ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள், இதுக்கென்ன குறை என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தம்பி, நோர்வேயில் உன் அக்காவின் பிள்ளைகள் எனக்கு ஒரு ஹலோ சொல்லிவிட்டு ஓடுவார்கள், அதற்குமேல் அவர்களுக்குத் தமிழ் இல்லை. எத்தியோப்பியாவில் ஹிருத்தின் தாய்க்கு இது ஒன்றுதான் பேத்தி, அந்த மனிசிக்கும் அந்தக் கதி வேண்டாம். நேற்றுப் பின்னேரம் அவவுக்குப் போன் போட்டோம். அயாத்தே, அம்மம்மா என்று பிள்ளை கூப்பிட்டதும் அந்த மனிசி நிப்பாட்டாமல் கதைத்தா. பாதி விளங்கியிராது, என்றாலும் பிள்ளை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

தமிழ் குறையாது, அது என் பொறுப்பு, கிழமைக்குக் கிழமை போனில் நானே சொல்லிக்கொடுப்பேன். நீயும் பிள்ளையோடு இருந்து தாயின் பாசையைப் படி. கலியாணம் முடித்து இத்தனை வருசம், மாமியோடு நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. அவவுக்குப் போன் எடுத்து முதலில் தேனா யிஸ்திலிஞ் என்று சொல், கடவுள் சுகம் தரட்டும் என்று அர்த்தமாம், நான் பாடமாக்கிவிட்டேன். எடுத்தாயா இல்லையா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹிருத்தைக் கொண்டு சம்பந்தியிடமே விசாரிப்பேன்.

எல்லாச் செல்வமும் பெற்று நீடு வாழ வாழ்த்தும்,
உன் அம்மா
வ. இராசேஸ்வரி