கரையில் நான் இறங்காத மூன்று வாரம்

ஜூன் 4
வெள்ளக் காலம் நெருங்குகிறது. ஆற்றங்கரைக் கண்காணிப்பு நிலையக் கரும்பலகையில் இந்த மாதத்துக்கு நாலு சீன எழுத்தில் ஒரு பழமொழி எழுதும் வேலை எனக்கு. "சின்னக் காரணம், பெரிய விளைவு. அந்த மாதிரி ஒண்ணு போடு" என்றார் தலைவர் கோங். எறும்புப் புற்று ஆற்றங்கரையையே உடைக்கும் என்ற தொடரை எழுதினேன். கரையில் என் பக்கத்துப் பகுதியைப் பார்க்கும் பாவோலின், "கையெழுத்து அழகுதான் அக்கா. எறும்பு படிக்குமா?" என்றாள்.

ஜூன் 8
மகளுக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. இரண்டு நாளும் பள்ளி வாசலில் நின்றேன். தினமும் கரையை நடந்து பார்த்ததற்கான பதிவேட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பகுதி எழுநூறு மீட்டர்தான். இருபது வருடமாக ஒன்றும் ஆனதில்லை.

ஜூன் 16
மழை. முழங்கால் வலி. சரிவில் இறங்கவில்லை, மேலே நின்றே பார்த்தேன். கையெழுத்து.

ஜூன் 27
ஆறு இரண்டு மீட்டர் ஏறியிருக்கிறது. மதியம் வயல் பக்கச் சரிவில் கசிவு. தெளிந்த நீரென்றால் பயமில்லை. இது கலங்கல் — உள்ளே மண் கரைகிறது. புல்லை விலக்கினால் கறையான் புற்றின் மேல் முளைக்கும் காளான்கள், காய்ந்துபோய். முளைத்து இரண்டு வாரமாவது இருக்கும். நடந்திருந்தால் பார்த்திருப்பேனே.

கோங்குக்குப் போன் செய்தேன்.
"எப்பலேர்ந்து? தினம் நல்லாருக்குன்னு போட்டிருக்கியே மெய்ஃபென்?"
இன்றைக்குத்தான் என்றால் மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் போவார்கள். கீழே முப்பது வீடு.
"நான் நடக்கல. மூணு வாரமா பொய்க் கையெழுத்து. உள்ள புத்து பெருசா இருக்கும். சனங்கள வெளியேத்துங்க."
"வேலை போயிடும். தெரியுமில்ல?"
"தெரியும். சீக்கிரம்."

ஜூன் 28
காலை ஒன்பது மணிக்குக் கரை உடைந்தது. ஏழு வீடுகள் போயின. உள்ளே யாருமில்லை.

ஜூலை 3
விசாரணை. நடந்ததை எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 20
வேலைநீக்கக் கடிதம் வந்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதமும் இன்றே. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு — என்ன செய்வது? சோறு வடித்தேன்.

ஆகஸ்ட் 12
சந்தையில் கின் அத்தை. வீடு போனவர்களில் ஒருவர். ஒதுங்கப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.
"நீ சொன்னதால உசுரு இருக்கு. நீ நடக்காததால வீடு இல்ல. எதுக்குடி நான் உன்னத் திட்டறது, எதுக்குக் கும்பிடறது?"
கையை விடாமலே சொன்னார்.
"நாளைக்கு செங்கல் வருது. ஆறு மணிக்கு வந்து எறக்கு."

ஆகஸ்ட் 13
ஐந்தரைக்கே போய்விட்டேன். அத்தை எனக்கு முன்பே வந்து, இரண்டு ஜோடி கையுறையோடு உட்கார்ந்திருந்தார்.