அது உன் பொட்டலம் இல்ல, டூரே

டூரே,

நல்லாத் தூங்குற, அதான் எழுப்பல. காகித ஆலைக்குக் கிளம்புறேன்.

மேலுதட்டுக்கு அடியில வெள்ளையா, ஈரமாத் தட்டுப்படுறது உன் ஸ்னூஸ் புகையிலைப் பொட்டலம் இல்ல. ஈறுல கட்டியை வெட்டின இடத்துல டாக்டர் வச்சுத் தைச்ச கொலாஜன் ஒட்டு. முப்பது வருஷமாப் புகையிலையை அதே இடத்துலதான் அடக்கி வச்சே, விரலுக்கு என்ன தெரியும்? நேத்து தூக்கக் கலக்கத்துல பிடிச்சு இழுத்துட்டே. நல்லவேளை, தையல் விடல. அந்த ஒட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் புதுச் சதை வளரணும். வளரும், எனக்குச் சந்தேகமே இல்ல.

புளூபெர்ரி சூப் அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணாம அப்படியே குடி. காபியும் ஆறவச்சுத்தான். மொறுமொறு ரொட்டியை ஒளிச்சு வச்சுட்டேன்.

மூணு மணிக்கு உன் தம்பி ஊல்ஃப் வருவான், சாவி அவன்கிட்டயே இருக்கு. பாவம் பார்த்து அவன் ஸ்னூஸ் டப்பாவை நீட்டினா, அவனையும் டப்பாவையும் வெளியே அனுப்பு.

நேத்து உன்னை முட்டாள்னு கத்திட்டேன். தலையணையில ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

சிக்னே

பி.கு.: பனிச்சறுக்கு பூட்ஸுக்குள்ள தேடாதே. நீ அங்க ஒளிச்சு வச்ச டப்பாவும் என் பையிலதான் இருக்கு.

இன்னொண்ணு: விரல் தானா வாய்க்குப் போச்சுன்னா, அதே விரலால எனக்கு போன் போடு.