எவர்சில்வர் டம்ளரில் ஒயின்

அம்மா,

இன்று காலை பீரோவைத் திறந்து உன் மாம்பழக் கலர் புடவையை எடுத்தேன். மடிப்பைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. நீ போய் ஐந்தாறு மாதம்தான் ஆகிறது. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடி, தனியா சிரிச்சிக்கினு இருக்க?" என்றார். புடவையை அவர் மூக்கருகே நீட்டினேன். அவரும் சிரித்தார்.

பத்தாவதோடு நான் படிப்பை நிறுத்தியதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உனக்குத்தான் உண்மை தெரியும். எழுந்து நின்று பாடத்தைப் படி என்றால் எனக்குக் குரல் வராது. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். நீ என்னைத் திட்டவில்லை. நீ வேலை பார்த்த பாண்டிச்சேரி ஓட்டலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கண்டமங்கலத்தில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் எனக்கு. சமையல்கட்டுக்குப் பின்னால் நீ பாத்திரம் தேய்ப்பாய், நான் துடைத்து அடுக்குவேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது. உனக்குப் போதவில்லை. "தேய்க்கிற வேலை என்னோட போவட்டும். நீ முன்னால ஹால்ல நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் நீயே முதலாளியம்மாவிடம் போய்க் கேட்டாய். அவரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மேடம் மறுக்கவில்லை. ஒயின் ருசி பார்க்கும் நாளில் இவள் ஊற்றட்டும், கை நடுங்காமல் நின்றால் ஹாலுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மழைக்காலம் முடிந்து வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்குவதற்கு முன்பு, அந்த வருஷத்துக்கு எந்த ஒயின் என்று மேடம் முடிவு செய்வார். எல்லாம் பிரான்ஸிலிருந்து வந்ததுதான், ஆனால் பெரிய பெயர் எதுவும் இருக்காது. சாப்பிட வருகிறவர்கள் விலையைப் பார்த்துப் பயப்படாமல் கேட்கக்கூடிய பாட்டில்கள். அந்தத் தடவை வெள்ளையில் இரண்டு, சிவப்பில் இரண்டு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் கலர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எனக்குப் பழக்கினாய். அப்பாதான் மேடம். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை உறிஞ்சிவிட்டு, "ம்ஹும், சரியில்ல" என்பார். உனக்குக் கோபம் வரும். ஓட்டலிலும் நீ சும்மா இருக்கவில்லை. நல்ல கண்ணாடிக் கிளாஸ்களையெல்லாம் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாய்.

அந்த நாள் வந்தது. மேஜையில் மேடம், பெரிய சமையல்காரர், ஒயின் கொண்டுவந்திருந்த வியாபாரி. முதல் வெள்ளையை ஊற்றினேன். கை நடுங்கவில்லை. மேடம் கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தார். இரண்டாவதும் அப்படியே. சிவப்பும் அப்படியே. நான்கு பாட்டிலும் கெட்டுப்போயிருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு அந்த வாசனை தெரியும், அம்மா. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நம் வீட்டில் வரும் வாசனை. சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. மேடம் இத்தோடு எழுந்துவிட்டால் நானும் திரும்பப் பின்கட்டுக்குத்தான். கதவுப் பக்கம் திரும்பி உன்னைப் பார்த்தேன்.

நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். யாரையும் கேட்காமல் ஒரு கிளாஸை எடுத்து மோந்தாய்.

"ஒயினு மேல குத்தம் இல்லீங்க மேடம். இது எங்க வீட்டு பீரோ வாசனை. அலமாரியில பாச்சை ஓடிக்கினு இருந்திச்சி, நல்ல சாமானாச்சேன்னு நாந்தான் உருண்டை போட்டு வெச்சேன்."

ஃபிரிட்ஜில் போடாமல் விட்டாயே, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார் சமையல்காரர். அங்கே பாச்சை இல்லையே என்றாய் நீ. மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

இருந்த கிளாஸ் எல்லாவற்றிலும் அதே வாசனை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மேடம் நாற்காலியைத் தள்ளினார். நீ என்னைப் பார்த்தாய். உன் தப்பை நான்கு பேர் முன்னால் நீ சொல்லி முடித்துவிட்டாய், நான் என்னத்துக்குப் பயப்படுகிறேன் என்று அப்போது தோன்றியது.

"டம்ளர் இருக்குங்க மேடம்" என்றேன்.

வேலைக்காரர்கள் டீ குடிக்கும் எவர்சில்வர் டம்ளர்கள். நீ வெந்நீரில் அலசிக் கொடுத்தாய், ஒவ்வொன்றாக மோந்து பார்த்து நான் வைத்தேன். ஆற்றிக் குடிக்கலாமா என்று கேட்டார் சமையல்காரர். டம்ளரில் நிறம் சரியாகத் தெரியவில்லை, இனி மூக்குதான் என்று சொன்ன மேடம், திடீரென்று ஒன்றை என்னிடம் நீட்டினார். என்ன வாசனை, சொல்லு.

"மாம்பிஞ்ச ஒடச்ச மாதிரி இருக்குங்க." அடுத்த வெள்ளை, எலுமிச்சை இலை. ஒரு சிவப்பில் ஒன்றும் பிடிபடவில்லை, அதையும் சொன்னேன். கடைசிச் சிவப்பு, நாவல்பழம், கூடவே மழை நனைத்த மண். அன்றும் சரி, இன்றுவரைக்கும் சரி, ஒரு சொட்டு நான் குடித்ததில்லை. மாம்பிஞ்சையும் நாவல்பழத்தையும் மேடம் எடுத்துக்கொண்டார். என்னையும்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாய். பெண்ணை ஒயின் ஊற்றவா விட்டிருக்கிறாய் என்று அவர் இழுத்தார். "நாலு பேரு நடுவுல பேச வுட்டிருக்கேன்" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ பேசாமல் இருந்திருந்தால் பழி வியாபாரியோடு போயிருக்கும். உன்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இந்த வருஷத்து ஒயினுக்கு இன்றுதான் நாள். உன் புடவையைக் கட்டிக்கொண்டு போகத்தான் எடுத்தேன். அந்த வாசனையோடு போய் நின்றால் மறுபடியும் நான்கு பாட்டிலும் கெட்டுப்போகும். மடித்து உள்ளே வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த பருத்திச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

மேஜையில் மூன்று கண்ணாடிக் கிளாஸ். கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். மேடமே கேட்டு வைக்கச் சொன்னது. அது எனக்கு. நான் மோந்து முடிக்கும்வரை மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா.

குரல் வந்தது.