மேட்டில் ஆளில்லை

ஹனோய்,
திங்கள் காலை

அன்புள்ள தோவா,

நலம்தானே? தைவானில் குளிர் தொடங்கிவிட்டதாமே, காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போயிருந்தேன், வாழைப்பூ நறுக்க உட்கார வைத்துவிட்டார்கள். இன்னும் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்க இருபதாம் தேதிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் வேறு கதை முந்திக்கொள்கிறது.

நேற்று லுயென் அண்ணனின் கணினி விளையாட்டுக் கடையில் போர் விளையாட்டுப் பந்தயம். நம் கடையில் ஆடுகிற நாங்கள் நால்வர், சிவப்பாற்றின் அக்கரைக் கடையில் ஆடுகிறவர்கள் நால்வர். உன் இடத்தில் ஹாவ் உட்கார்ந்தான். திரையில் மேப் விரிந்ததுமே எனக்குக் கை பரபரத்தது. ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே ஒரே இடுக்கு வழி, அதன் தலைமாட்டில் ஒரு மேடு. உனக்கென்றே வரைந்த நிலம்! விளையாட்டில் விறகு வெட்டும் என் ஆட்களை முன்புற மரம் ஒன்றைக்கூட வெட்டவிடவில்லை. 'காடு செலவில்லாத மதில், பின்பக்கமா வெட்டுய்யா' என்று நீ தலையில் குட்டியது மறக்குமா? படையெல்லாம் இடுக்கில் நிறுத்தினேன். ஈ காக்கை நுழையவில்லை.

மேட்டை மட்டும் விட்டுவிட்டேன். மறதி இல்லை, தோவா. எப்போதும் அங்கே ஏறுகிறவள் நீ. நீ ஏறியிருப்பாய் என்றே கை நம்பிவிட்டது. அக்கரைக்காரர்கள் சாவகாசமாக ஏறிக் கல்லெறி வண்டிகளை வரிசையாக நிறுத்தினார்கள். மேட்டிலிருந்து விழும் கல்லுக்கு வலு அதிகம். ஐந்தே நிமிடத்தில் என் படை பொடிப்பொடி.

லுயென் அண்ணன் மேசையைத் தட்டிக் கத்தினார்: 'அட கூறுகெட்டவனே, உன் பொண்டாட்டி தைவான்ல இருக்கா, மேட்டுல இல்ல!' கடையே சிரித்தது. அக்கரைக்காரன் ஒருவன், 'அந்த அக்காவக் கூப்பிடுங்கப்பா, இந்த ஆளு தனியா தேறமாட்டாரு' என்றான். நானும் சிரித்தேன். முகம் கழுவுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய் அழுதேன். முப்பத்தெட்டு வயதில் விளையாட்டில் தோற்றதற்கு அழுதான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நீ போனில் கேட்டபோது 'உன் இஷ்டம்' என்றேன். பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, பயம். நல்ல வேலையை என் ஒரு சொல்லால் விட்டுவிட்டு வந்தாய் என்றாகிவிடுமே. ஆனால் சோறு பொங்கினால் இன்றும் இருவருக்குத்தான் அளவு வருகிறது. மிச்சம் பக்கத்து வீட்டு வாத்துக்கு. அது கொழுத்து நடக்க முடியாமல் நடக்கிறது.

கையெழுத்துப் போடாதே, தோவா. வந்துவிடு.

ஒருவேளை இந்தக் கடிதம் பிந்தி வந்து, நீ போட்டுவிட்டிருந்தால், படித்ததாகவே காட்டிக்கொள்ளாதே. கிடைத்ததா என்று நானும் கேட்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கியெம்